நயினாதீவுக்கு ஒரு நாள்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கல்

எங்கள் கிரிவல நண்பர்கள் சிலர் தை கழிந்ததும் யாழ்ப்பாணம் போகலாம் என்று பேசி வருகிறோம். நல்லூர், கீரிமலை, மாவிட்டபுரம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. நயினாதீவுக்கு அரை நாள் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு முழு நாள் வேண்டும் என்பது என் கட்சி. அம்மன் தரிசனம் சீக்கிரம் முடிந்துவிடலாம். ஆனால் அந்தக் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பற்றித் தெரியாமல் போய் வந்தால் பாதிதான் பார்த்ததாகும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு வேண்டும். இலங்கைக்கான அனுமதியை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து பலாலிக்கு 2019-இல் விமானம் விட்டார்கள். கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் வந்தது. ஆனால் கடல் சீற்றமானால் கப்பல் நின்றுவிடும் என்பதால், நம் வயதுக்கு விமானம்தான் நிச்சயம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறை வரை பேருந்து போகிறது. அங்கிருந்து படகில் கால் மணி, இருபது நிமிடம். ஆனி மாதத்தில் திருவிழா. கூட்டம் தாங்காதவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

தீவு சிறியது. நான்கு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடும். அதற்குள் நாகபூஷணி அம்மன் கோயில், நடக்கும் தூரத்தில் நாகவிகாரை என்ற புத்தர் கோயில். யாழ்ப்பாணத்துத் தமிழரும் தெற்கிலிருந்து வரும் சிங்களரும் ஒரே துறையில் படகேறுகிறார்கள். தமிழர் நயினாதீவு என்கிறார்கள், சிங்களர் நாகதீப என்கிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரான ஹார்லம் என்பதை இதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் இன்று அங்கே யார் வாயிலும் இல்லை.

பெயரைப் போலவே கதையும் இரண்டு மொழியில் இருக்கிறது. ஒரு மணி ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் போருக்கு நின்றார்கள், புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று பாலி மொழி மகாவம்சம் சொல்கிறது. அவர்கள் மாமனும் மருமகனும் என்றும் சொல்கிறது. நம் மணிமேகலையிலும் மணிபல்லவத் தீவில் இதே சண்டையும் இதே முடிவும் வருகின்றன. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சிலர் சொல்கிறார்கள். எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. 1936-இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டில் 'நாகதிவ' என்ற பெயர் இருக்கிறது. அதைப் பார்த்தால் பழைய நாகதீபம் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் குறித்ததாகத் தோன்றும். அதை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். அம்மன் கோயிலில் அன்னதானம் செய்யும் சபைக்கு 'அமுதசுரபி' என்று பெயர். தீவு மக்கள் தங்கள் முடிவை எப்போதோ எடுத்துவிட்டார்கள்!

இனி அந்தக் கல். அதை வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. ஆட்சிக் காலம் 1153 முதல் 1186 வரை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னனின் ஆணை, ஆனால் எழுதியது தமிழில். காரணம் எளிது. ஆணை யாருக்கோ அவருக்குப் புரிய வேண்டும். அந்தக் கடலில் வணிகம் செய்தவர்களுக்குப் புரிந்த மொழி தமிழ். அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்பிப் பழகியவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

ஆணையின் சாரம் இது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு தரப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்து கரை சேர்ந்தால், கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. இது நிலைக்க வேண்டும் என்பதற்காகக் கல்லிலும் செம்பிலும் வெட்டச் சொல்கிறான். அசல் ஒன்று, நகல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை? பராக்கிரமபாகு பாண்டிய நாட்டுக்கும் பர்மாவுக்கும் படை அனுப்பியவன். போருக்கு விலங்குகள் வேண்டும். நஷ்ட பயத்தால் வணிகன் வராமல் போய்விடக் கூடாது. கருணை கொஞ்சம், கணக்கு நிறைய.

புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, இதைப் படித்ததும் 'த்ருவா த ப்ரி' என்ற சொல் ஞாபகம் வந்தது. உடைந்த கப்பல் மீதான உரிமை என்று பொருள். பிரான்சின் மேற்குக் கரையில், பிரெத்தாஞ் பகுதியில், கப்பல் உடைந்து பொருள் ஒதுங்கினால் அது அந்தக் கரைக்கு உரிய பிரபுவைச் சேரும். உடையவன் உயிரோடு நின்று கேட்டாலும் கிடைப்பது அரிது. மத்தியதரைக் கடலிலும் இந்தக் கொள்ளை நடந்திருக்கிறது. 1179-இல் ரோமில் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், கப்பல் உடைந்து தவிக்கும் கிறிஸ்தவர்களைக் கொள்ளையடிப்பவர்களைச் சபையிலிருந்து விலக்கி வைப்போம் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அப்போது பராக்கிரமபாகு அரசில் இருந்தான். பிரான்சில் முறையான சட்டம் வந்தது 1681-இல்தான். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் தயாரித்த கடல் சட்டம், உடைந்த கப்பலின் பொருளை அரசன் பாதுகாப்பில் வைத்தது. நம் கல்லுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப் பிறகு!

நம் பக்கமும் எல்லா அரசரும் தர்மவான்கள் இல்லை. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய மன்னன் கணபதிதேவன் 13-ஆம் நூற்றாண்டில் ஓர் அபய சாசனம் வெட்டினான். புயலில் சிக்கி ஒதுங்கிய கலங்களின் சரக்கை முன்னிருந்த அரசர்கள் முழுதும் பறித்துக்கொண்டார்கள், இனி சுங்கம் தவிர வேறெதுவும் எடுக்கமாட்டோம் என்று அதில் வாக்குத் தருகிறான். பறிப்பதுதான் வழக்கமாக இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்று இதே கடலில் நம் மீனவர் படகுகள் பிடிபட்டால் திரும்பக் கிடைப்பதில்லை என்ற வேதனை இருக்கிறது. இந்தக் கல்லைக் காட்டி அதற்கு நியாயம் பேசலாமா? பேசக் கூடாது என்பதே என் எண்ணம். கல் சொல்வது விபத்தில் ஒதுங்கிய கலத்தைப் பற்றி. இன்றைய வழக்கு எல்லை தாண்டி இழுவைமடி போடுவதைப் பற்றி. அதனால் வலை அறுந்து நிற்பவர்களும் வடக்கின் தமிழ் மீனவர்கள்தான். ஆனால் ஒன்றை இந்தக் கல்லிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடலில் வருகிறவனுக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்பதை அவனுக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் நல்ல அரசு. பறிமுதலான பிறகு விளக்கம் சொல்வது அல்ல.

கோயிலின் தலக்கதையும் இதைத்தான் சொல்வதாக எனக்குப் படுகிறது. அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு ஒரு நாகம் கடலில் நீந்தி வருகிறது. கருடன் கொல்ல வருகிறான். நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்கிறது. அந்த வழியே கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் நடுவில் புகுந்து, நாகத்தை விட்டுவிடும்படி மன்றாடுகிறான். அம்மனுக்குக் கோயில் எடுப்பதானால் விடுகிறேன் என்கிறான் கருடன். வணிகன் எடுத்தான், கோயில் வந்தது. நாகம் சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் கடலில் இருக்கின்றன.

அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். 1788-இல் மறுபடி எழுந்தது. 1986-இல் போரின் நடுவே தீக்கிரையானது. அதன் பிறகு கட்டிய ராஜகோபுரம் 108 அடி. நம் அண்ணாமலையார் கோபுரத்தில் பாதிதான், ஆனால் கடலிலிருந்தே தெரியும். படகிலிருந்து இறங்கி முதலில் அம்மனை வணங்குங்கள். பிறகு அமுதசுரபியில் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் அந்தக் கல் இருக்கும் இடத்தை விசாரித்துப் போய் நில்லுங்கள். எழுத்து பழையது, படிக்க வராது. மொழி நம்முடையது.