மூளையின் குருதி வழிகளைக் கண்ட வரலாறு

நெய்வேலி மண்ணில் ஆழ்துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியின் பரப்பை அளந்தறிந்தனர். அந்நகரில் நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில், “உயிருள்ள மனிதனின் மூளைக்குள் இருப்பதை எவ்வாறு அறிவது, ஐயா?” என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையளிக்க மருத்துவ உலகம் பல்லாண்டு உழைத்தது.

இயல்பாகத் தமனியின் குருதி, நுண்ணிய தந்துகிகளில் வேகம் தணிந்து சிரையை அடைகிறது. மிகச் சிலர்க்கு மட்டும், இடையே தந்துகிகளின்றித் தமனியும் சிரையும் நேரே பின்னிய முடிச்சொன்று மூளையில் அமைந்துவிடுகிறது. பல்லாண்டு அது வெளிப்படாதிருக்கலாம். பின்னர் ஒருநாள் வலிப்போ கடுந்தலைவலியோ தோன்றும். முடிச்சு வெடித்தால் உயிருக்கே இடர். முற்காலத்தில், இறந்தவர் உடலை ஆராய்ந்தபோதே பெரும்பாலும் உண்மை புலப்பட்டது.

1895-இல் ராண்ட்ஜென் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று. குருதிக் குழாய்களைப் பிரித்துக் காட்டவில்லை. 1927-இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ், கதிரைத் தடுக்கும் அயோடின் கலந்த கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படம் எடுத்தார். மூளையின் குழாய்கள் மரக்கிளைகள் போல் தெரிந்தன. அவ்வெற்றிக்கு முந்திய முயற்சிகளில் நோயாளி ஒருவர் உயிரிழந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1931 முதல் பயன்பட்ட ‘தோரோட்ராஸ்ட்’ என்னும் பொருள் தெளிவான படம் தந்தது. ஆயினும் கதிரியக்கமுடைய அது கல்லீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை விளைத்தது. ஆதலின் கைவிடப்பட்டது.

நம் நாட்டில் 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். மூளை நோயுற்றோர்க்குத் தமிழகத்திலேயே புகலிடம் கிடைத்தது.

1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. மூளைக்குள் கசிந்த குருதியை அது விரைவில் காட்டும். அடுத்து வந்த எம்.ஆர்.ஐ., எக்ஸ் கதிரின்றிக் காந்தப் புலத்தால் படம் தருகிறது. எனினும், முடிச்சுக்கு எத்தமனி குருதியூட்டுகிறது, எச்சிரை வழியே அது வடிகிறது என்று நுட்பமாக அறிய, மோனிஸ் வகுத்த முறையே இன்றும் துணை. இப்போது தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்துகின்றனர்.

மறைந்ததைக் காண்பது அறிவு. காணப்படுவோர்க்கு ஊறு நேராமல் காண்பதே அறம். இவ்விரண்டும் ஒருங்கே வளர்ந்த வரலாறே இது.