ஏழு நாள் மருந்து: தயோகால்சிகோசைடும் சீட்டில் எழுதப்படாத முடிவுத் தேதியும்

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறவர்களிடம் அது விஷச் செடி என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிப் பந்தலில் கொடியேறிப் பூக்கும் செங்காந்தள் அது. தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர் வரிசை இந்தக் காந்தளில்தான் தொடங்குகிறது. பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்த்து, காய் முற்றிய பின் எடுக்கப்படும் விதை, பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகிறது. அந்த விதையில் கால்சிசினும் கால்சிகோசைடும் இருக்கின்றன. கால்சிகோசைடை ஆலையில் சிறிது மாற்றி ஆக்கப்படுவதுதான் தயோகால்சிகோசைடு. இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் இந்திய மருத்துவர்கள் அன்றாடம் எழுதும் தசைத் தளர்த்தி மருந்துகளில் அதுவும் ஒன்று. விதை விளைந்த அதே ஊர் மருந்துக்கடையில் ‘பிடிப்பு மாத்திரை’ என்ற பெயரில் அதை வாங்குகிறவருக்கு, அதன் மூலம் எந்தச் செடி என்பது தெரிய வழியில்லை. வயலில் அந்தச் செடிக்குக் காட்டப்படும் எச்சரிக்கை மாத்திரையோடு கூட வரவில்லை.

மற்றத் தசைத் தளர்த்திகளின் ஆபத்தைப் பெரும்பாலும் உடம்பே சொல்லிவிடும். தூக்கம் அழுத்தும், நடை தள்ளாடும், எழுந்து நின்றால் கண் இருட்டும். தயோகால்சிகோசைடு அவ்வளவாகத் தூக்கம் தராது. அதுவே அதன் சிறப்பு என்று சொல்லி எழுதப்படுகிறது. ஆனால் அதன் முதன்மையான ஆபத்து பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவுக்குள் நேர்வது. சாப்பிடுகிறவருக்கு அது ஒருபோதும் உணர்வாகாது. ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்ற நோயாளியின் வாக்குமூலம் மற்ற மருந்துகளில் ஓரளவு செல்லும். இந்த மருந்தில் அதற்கு மதிப்பில்லை. எத்தனை நாள், யாருக்கு என்ற இரண்டு கேள்விகளின் விடையில்தான் இதன் பாதுகாப்பு இருக்கிறது. அந்த இரண்டும் எழுதப்படாத சீட்டைக் குறைபட்ட சீட்டு என்றே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேதியியலிலிருந்து தொடங்கினால் காரணம் விளங்கும். கால்சிசின் கீல்வாத மருந்தாக நெடுங்காலமாகப் பயன்படுவது. அது டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, உயிரணுப் பிரிவின்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும் கதிர்கோல் இழைகளை உருவாகவிடாமல் தடுக்கிறது. பயிர் ஆராய்ச்சியாளர்கள் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கக் கால்சிசினைக் கையாள்வது இந்தக் குணத்தை நம்பித்தான். கால்சிகோசைடு, இதே சட்டகத்தில் ஒரு சர்க்கரை இணைந்த வடிவம். அதிலுள்ள ஒரு மெத்தாக்சி தொகுதியை எடுத்துவிட்டுக் கந்தகம் கொண்ட தொகுதியை வைத்தால் தயோகால்சிகோசைடு கிடைக்கிறது. இப்படி மாற்றிய மூலக்கூறு மூளை, தண்டுவட நரம்புகளிலுள்ள காபா, கிளைசின் ஏற்பிகளில் செயல்பட்டுத் தசை இறுக்கத்தைக் குறைக்கிறது.

வாய்வழி விழுங்கும்போது நடப்பது வேறு. குடலிலேயே சர்க்கரைப் பகுதி கழன்றுவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் தயோகால்சிகோசைடு அதே வடிவில் காணப்படுவதில்லை. அதன் வளர்சிதைப் பொருள்கள்தான் சுற்றி வருகின்றன. அவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று குளுக்குரோனிக் அமிலம் சேர்ந்தது. மருந்தின் பலனைத் தருவது அதுவே. மற்றது சர்க்கரை நீங்கிய வெறும் வடிவம். ஐரோப்பிய ஆவணங்கள் எஸ்.எல். 59.0955 என்று குறிக்கும் பொருள் இது. அதன் வேதிப் பெயரான 3-டீமெத்தில்தயோகால்சிசின் என்பதே அது கால்சிசினின் நெருங்கிய உறவு என்பதைக் காட்டிவிடுகிறது. பிரியும் உயிரணுக்களில் குரோமோசோம்கள் சரிசமமாகப் பங்கிடப்படாமல் ஓர் உயிரணுவில் கூடியும் மற்றதில் குறைந்தும் போகும் பிறழ்வை இப்பொருள் உண்டாக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. நாளுக்கு இருமுறை 8 மி.கி. சாப்பிடும் மனிதரின் இரத்தத்தில் காணப்படும் அளவிலிருந்து அதிகம் விலகாத செறிவிலேயே இது நேர்ந்தது என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

இத்தாலியின் கோரிக்கையை ஏற்று ஆய்ந்த ஐரோப்பிய மருந்து முகமை 2013 நவம்பரில் தன் பரிந்துரையை வெளியிட்டது. முதுகெலும்பைச் சார்ந்த திடீர் வலியோடு வரும் தசை இறுக்கத்துக்குத் துணை மருந்தாக மட்டும், 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் இதைத் தரலாம். மாத்திரையானால் 12 மணி நேரத்துக்கு 8 மி.கி. வீதம், தொடர்ந்து 7 நாளுக்கு மிகாமல். தசையில் போடும் ஊசியானால் 12 மணி நேரத்துக்கு 4 மி.கி. வீதம், 5 நாளுக்கு மிகாமல். நாட்பட்ட நோய்க்குக் கூடாது. கருவுற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், கருத்தரிக்கும் வயதிலிருந்தும் கருத்தடை முறை எதையும் கைக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு அறவே கூடாது. குரோமோசோம் எண்ணிக்கைப் பிறழ்வு கருவுக்குத் தீங்காகலாம், ஆண்களின் கருவளத்தைக் குறைக்கலாம், நெடுநாள் தொடர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டவும் கூடும் என்பவை முகமை சொன்ன காரணங்கள். தோலில் தடவும் களிம்பிலிருந்து இரத்தத்துக்குள் போவது மிகக் குறைவென்பதால் அதற்கு இந்தத் தடைகள் இல்லை.

இங்கே ஒரு வாதம் எழும்: நம் ஊரில் பெரும்பாலும் 4 மி.கி. மாத்திரைதான், நாளுக்கு 8 மி.கி. தான் போகிறது, ஐரோப்பிய உச்ச அளவில் பாதி. ஆகவே நாளைக் கூட்டினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய வரம்பின்படி ஒரு முறை சிகிச்சையில் உடம்புக்குள் போகக்கூடிய உச்சம் 112 மி.கி. பாதி அளவாகவே இருந்தாலும் ஒரு மாதம் சாப்பிட்டவர் 240 மி.கி. சாப்பிட்டிருப்பார். மொத்த அளவு ஒன்றே ஆபத்தை நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு வேளையும் இரத்தத்தில் எட்டும் செறிவும் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முகமை அளவுக்கு ஒரு வரம்பும் நாளுக்கு ஒரு வரம்பும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஒன்றில் மிச்சம் பிடித்ததை மற்றதில் செலவழிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. கருவுற்றவருக்கோ அரை அளவு, கால் அளவு என்ற சலுகையே கிடையாது.

நாள் வரம்பை மீறுவதால் நோயாளிக்குக் கிடைக்கப்போவது என்ன என்று கேட்டால் நியாயம் இன்னும் வலுக்கிறது. இம்மருந்துக்குப் பலன் உண்டு என்று காட்டிய சோதனைகளே குறுகியவை. திடீர் இடுப்புவலிக்கு இதை டிசானிடின் என்ற மற்றொரு தசைத் தளர்த்தியோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்ட துருக்கிய ஆய்வொன்று 2005-ல் வெளிவந்தது. இரண்டு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. விழிப்பையும் கைத்திறனையும் டிசானிடின் குறைத்த அளவுக்குத் தயோகால்சிகோசைடு குறைக்கவில்லை. ஆனால் ஆய்வு நடந்ததே ஒரு வாரத்துக்குள். தசைத் தளர்த்திகளை மொத்தமாக எடுத்து ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றைப் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்டது. அதன்படி பென்சோடையசெபைன் அல்லாத தசைத் தளர்த்திகள் திடீர் இடுப்புவலியில் முதல் இரண்டு வாரத்துக்குள் 100 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 8 புள்ளி குறைப்பைத் தந்தன. அந்தச் சான்றும் மிக வலுவற்றது என்று ஆசிரியர்களே குறித்திருந்தார்கள். இரண்டாவது மாதத்தில் இந்த மருந்து என்ன நன்மை செய்கிறது என்பதற்குச் சான்று இல்லாதபோது, அந்த இரண்டாவது மாதத்தின் ஆபத்தை மட்டும் நோயாளி ஏன் சுமக்க வேண்டும்?

எதிர்வாதங்களில் கனமானது அனுபவத்தைச் சார்ந்தது. பல ஆண்டுகளாக, எண்ணற்ற பேருக்கு எழுதியிருக்கிறோம், ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்று மூத்த மருத்துவர்கள் சொல்லலாம். அவர்கள் நேர்மையை நான் ஐயுறவில்லை. அந்தத் தீங்கு அவர்கள் கண்ணில் படக்கூடிய வகையினதா என்றுதான் கேட்கிறேன். மாத்திரை சாப்பிட்ட வாரத்தில் உண்டான கரு ஆறாவது, ஏழாவது வாரத்தில் கலைந்தால், அந்தப் பெண் அதை நாள் தள்ளிப்போய் வந்த அதிகப் போக்கு என்று நினைத்துக்கொள்வார். மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் இடுப்புவலி மாத்திரையைப் பற்றிப் பேச்சே எழாது. எலும்பு மருத்துவருக்கோ இந்தச் செய்தி எட்டவே எட்டாது. கருச்சிதைவு மருந்தில்லாமலும் அடிக்கடி நேர்வதால் தனியொரு நிகழ்வைக் கொண்டு எதையும் நிறுவவும் முடியாது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பதைக் காணவில்லை என்பது, நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. இத்தகைய இடத்தில் ஆய்வகம் தரும் முன்னறிவிப்பையே பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இடுப்புவலிக்கு மருத்துவமனை வரும் இளம்பெண்ணிடம் எங்கே வலி, எத்தனை நாளாக, குனிந்தால் கூடுகிறதா என்றெல்லாம் கேட்கிறோம். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தார் என்று, எலும்புப் பிரிவில் படம் எடுக்கும் முன் கேட்பதுண்டு. மாத்திரை எழுதும் முன் கேட்பது அரிது. கதிர்வீச்சுக்குத் தரும் அந்த மரியாதையை இந்த மாத்திரைக்கும் தர வேண்டும். கருத்தரித்த தொடக்க வாரங்களில் இடுப்பு கனப்பதும் உண்டு என்பதை நினைத்தால், வலிக்கு மருந்து தேடி வருபவர்களிலேயே தன் கர்ப்பத்தை இன்னும் அறியாதவர் இருக்கக்கூடும் என்பது புரியும். மாமியாரோ கணவரோ கூட நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது எளிதல்ல. தனியே அழைத்துக் கேட்கும் ஒரு நிமிடத்தை மருத்துவரும் செவிலியரும் உண்டாக்கித்தான் ஆக வேண்டும். பச்சை உடம்புக்காரிக்கு முதுகு பிடித்துக்கொண்டதென்று வீட்டில் இருக்கும் மீதி மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இது உகந்ததல்ல. காபா ஏற்பியில் இது செயல்படும் விதம் வலிப்பைத் தூண்டக்கூடியது.

நடைமுறையில் பெரிய சிக்கல் கூட்டு மாத்திரை. இந்தியாவில் தயோகால்சிகோசைடு தனித்து விற்பதைவிட அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., எட்டோரிகாக்சிப் 60 மி.கி. போன்ற வலிநிவாரணிகளோடு சேர்ந்து விற்பதே பரவலாகத் தெரிகிறது. அட்டையில் வணிகப் பெயர் பெரிதாகவும் உட்பொருள் பொடி எழுத்திலும் இருக்கும். நோயாளி அதை வலி மாத்திரை என்றே அறிவார். வலி மாத்திரை வலி இருக்கும்வரை சாப்பிடுவது என்பது அவர் பழக்கம். வலி தீரவில்லை என்று அதன்மேல் டைக்ளோஃபெனாக்கையும் வாங்கிப் போட்டுக்கொண்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகி வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். அட்டையிலிருந்து நான்கைந்து மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும்போது அந்தப் பொடி எழுத்தும் போய்விடுகிறது. இரண்டு பொருளுக்கு இரண்டு கால அளவு தேவைப்படும்போது அவற்றை ஒரே மாத்திரையில் பூட்டுவது மருத்துவருடைய கையைக் கட்டுகிறது. தசைத் தளர்த்தியை ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டு வலிநிவாரணியை மட்டும் தொடர நினைத்தால் கூட்டு மாத்திரையில் அது நடக்காது. தனித்தனியே எழுதுவதே முறை.

இதைத் தவிர்த்து வேறு தசைத் தளர்த்திக்குப் போனால் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. டிசானிடின் சாப்பிடுகிறவருக்கு வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துவிட்டால், டிசானிடினைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி முடங்கி, உடம்பில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழப் பத்து மடங்கு வரை உயரும். இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார். இந்த இரண்டையும் சேர்த்துத் தரவே கூடாது. பேக்ளோஃபெனை நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். சிறுநீரகம் பழுதானவருக்குச் சாதாரண அளவே மிகையாகிவிடும். முதியவர்களுக்குப் பெரும்பாலான தசைத் தளர்த்திகள் விழுந்து எலும்பு முறியும் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

எந்த மருந்தானாலும், தசைப்பிடிப்பு அடியிலுள்ள ஒன்றின் அறிகுறி என்பதை மறக்கக் கூடாது. திடீரென வரும் சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. வெந்நீர் ஒத்தடமும், படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவதும் உதவும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒத்தடம் முதலான மருந்தில்லா முறைகளையே முதலில் வைக்கிறது. ஆனால் சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, கால் தளர்ந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ மாத்திரை சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை, காலையும் இரவுமாகச் சாப்பிட்டால் ஐந்து நாளில் தீர்கிறது. 7 நாள் என்ற வரம்புக்குள் இது இயல்பாகவே அடங்குவது நல்வாய்ப்பு. மருத்துவர் சீட்டில் ‘5 நாள்’ என்று எழுதுவதோடு நில்லாமல் எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதலாம். தேதி போட்ட சீட்டைக் கொண்டு அடுத்த மாதம் மருந்து வாங்க முடியாது. சட்டப்படி அட்டவணை எச் மருந்தைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றாலும், காலி அட்டையை நீட்டி ‘இதே மாதிரி இன்னொரு அட்டை’ என்று கேட்பவர்கள் நாளும் வருகிறார்கள். அந்தக் காலி அட்டைதான் ஏழு நாளின் கணக்கு முடிந்துகொண்டிருப்பதற்கான தடயம். மருந்தாளுநர் அதைக் கையில் வாங்கிப் பின்பக்கம் திருப்பி உட்பொருளைப் படித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும், வாங்க வந்தவர் பெண்ணானால் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும்.