செக்ரோலும் கெல்ட்ரானும்

மூணாறு நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள், 1913இல் நாசரேத் கைத்தொழிற் பள்ளியில் செய்த கருங்கல் சூரியக் கடிகாரத்தைப் பார்த்து வியப்பார்கள். நான் நெடுநேரம் நிற்பது கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களின் முன். இந்த வகை இயந்திரத்தில் 27ஆல் பெருக்க, கைப்பிடியை ஏழு முறை சுற்றி, ஓர் இடம் நகர்த்தி, மறுபடி இரண்டு முறை சுற்ற வேண்டும்.

தேயிலைக் கூலி நாள் சம்பளத்தோடு முடிவதில்லை. எடுத்த கொழுந்தை நிறுத்து, குறித்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு சேர்க்க வேண்டும். முன்பணத்தைக் கழிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். அந்தப் பேரேடுதான் செக்ரோல். தேவிகுளம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அதை எழுதியவர் என் அப்பா.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கெல்ட்ரான் கால்குலேட்டர் கிடந்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு தொடங்கிய முதல் மின்னணு நிறுவனம் கெல்ட்ரான். 1973இல் கேரள முதல்வர் அச்சுத மேனன் ஆட்சியில் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பியவர் கண்ணூர்க்காரரான கே.பி.பி. நம்பியார். இன்டெல் 4004 என்ற சில்லு, ஒரு ஜப்பானியக் கால்குலேட்டருக்காக உருவாகி 1971இல் வெளிவந்திருந்தது. சில ஆண்டுகளில் கேரளமே கால்குலேட்டர் செய்தது.

பேட்டரித் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் எண்கள் எரிந்தன. கூட்டல் குறி முழுக்கத் தேய்ந்துவிட்டது. வகுத்தல் குறி இன்னும் புதிதாக இருக்கிறது.

கொழுந்து எடுத்த எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். கண்ணாடிக்குள் எரிந்த தன் தொகையைத் தானே வாசித்த பிறகுதான் கைநாட்டு வைப்பார் என்று அப்பா சொல்வார். பேரேட்டின் பொடி எழுத்தில் அவருக்கு அது வாய்த்ததில்லை.

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெண்கள் இயக்கம் அங்கே எழுந்தது. அன்று நாள் கூலி 232 ரூபாய். தங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று அவர்களுக்கே கணக்குத் தெரிந்திருந்தது.

அருங்காட்சியகத்தில் அந்தக் கை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கெல்ட்ரானை வைக்க வேண்டும். அதோடு கைநாட்டு பதிந்த ஒரு செக்ரோல் பக்கமும் வேண்டும். யாருடைய உழைப்பை அந்தக் கால்குலேட்டர் கூட்டியது என்பதை, பார்க்க வருகிறவர்கள் பெயரோடு அறியட்டும்.