சிந்திக் குழம்பில் முருங்கைக்காய்

கொங்கண் கரையின் கோலி மீனவர்கள் நண்டைச் 'சிம்போரி' என்பார்கள். மும்பையின் செம்பூர் வட்டாரத்துக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான் என்று அங்கே பலரும் சொல்வதுண்டு. தமிழன் காதிலோ அது செம்மையும் ஊரும் சேர்ந்த சொந்த ஊர்ப் பெயராகவே விழும். செட்டா நகரில் 108 படிகள் ஏறித் தரிசிக்கும் முருகனைத் 'திருச்செம்பூர் முருகன்' என்றே பக்தர்கள் அழைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பெயர்க்காரணம் கேட்காதவரை, ஒவ்வொருவருக்கும் அவரவர் செம்பூர்தான்.

அப்படிக் கேட்க வைத்தது 1947. பிரிவினையில் சிந்து மாகாணம் பாகிஸ்தானுக்குப் போனது. 1948 ஜனவரியில் கராச்சியில் கலவரம் வெடித்தபின், கப்பலேறி பம்பாய்க்கு வரும் சிந்தி இந்துக்களின் கூட்டம் பெருகியது. உலகப்போர்க் காலத்து ராணுவக் கொட்டகைகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். செம்பூரில் அந்தப் பகுதிக்கு இன்றும் 'கேம்ப்' என்றுதான் பெயர்.

தமிழர்கள் வேறு வழியாக வந்தார்கள். 1950களில் செம்பூரை அடுத்த டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் அணுசக்தி நிலையம் தொடங்கியது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றவர்கள், பொறியாளர்கள், தொழிலாளிகள் எனத் தெற்கிலிருந்து பலர் வேலை தேடி வந்து இந்த வட்டாரத்தில் குடியேறினார்கள். வீட்டை இழந்து வந்தவர்களும் வீட்டுக்கு மணியார்டர் அனுப்ப வந்தவர்களும் அண்டை அயலானார்கள்.

இரு தரப்புக்கும் பொதுவான மொழி அரைகுறை இந்திதான். அடுக்களைக்கு அதுவும் தேவைப்படவில்லை. சிந்திக்காரர்கள் 'கடி' என்று சொல்லும் குழம்பில் தயிர் கிடையாது. வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, கடலைமாவைச் சிவக்க வறுத்து, புளி சேர்த்து, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் போட்டுக் கொதிக்கவிட்டுச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். சாம்பாரில் வளர்ந்த நாக்கு இதை அந்நியம் என்று எப்படித் தள்ளும்? நம் வீடுகளில் வற்றலாகப் பொரியும் தாமரைத் தண்டு அவர்கள் வீட்டில் கறியாகிறது. வந்தவருக்கு முதலில் தண்ணீரும் பப்படமும் கொடுப்பது அவர்கள் உபசாரம். மொறுமொறுப்பான பக்வானின் மேல் கடலைப்பருப்பும் புளிச்சட்னியும் வெங்காயமும் சேரும் 'தால் பக்வான்' அவர்களது காலை உணவு. அதைச் சாப்பிடவே கேம்ப்பின் 'விக்' கடைக்கு இன்றும் எல்லா மொழிக்காரர்களும் வருகிறார்கள்.

சேட்டி சந்த் சிந்திகளின் புத்தாண்டு. அன்று நீர்த் தெய்வமான ஜூலேலாலை வணங்கி, விளக்கேற்றிய தட்டை ஊர்வலமாக எடுத்துப்போய் நீரில் விடுகிறார்கள். சிந்து நதியை விட்டு வந்தும் நீரை விடவில்லை. ஆடிப்பெருக்கைக் காவிரிக் கரையில் விட்டுவந்த தஞ்சாவூர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொழியின் வலியும் பொதுவாக இருந்தது. சிந்திக்கு அரபு வழி வந்த 52 எழுத்துகள். இந்தியாவில் அதைத் தேவநாகரியில் எழுதலாமா என்று அவர்களுக்குள் பெரும் விவாதமே நடந்தது. தனி மாநிலம் இல்லாத அந்த மொழி 1967 ஏப்ரல் 10 அன்று அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் மொழிப்போர் நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அகதியாக வந்த ஹஷு அத்வானி 1962இல் செம்பூரில் தொடங்கிய விவேகானந்த கல்விச் சங்கத்தின் வகுப்பறைகளில் எல்லா மொழிக் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

நகரம் முழுக்க இந்த இணக்கம் இருந்துவிடவில்லை. 1966இல் சிவசேனா தோன்றியபின் தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரச்சாரம் சூடேறியது. 'மதராசி' என்ற சொல் வசவானது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பழக்கம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை இன்று சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

பத்தே ஆண்டுகளில் 'கேம்ப்' என்ற சொல் தமிழர்களையும் வந்தடைந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணுசக்தி நிலையத்தை ஒட்டிய ஜனதா காலனி இடிக்கப்பட்டது. பல்லாயிரம் பேரை அங்கிருந்து டிராம்பேயின் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வெளியேற்றத்தை எதிர்த்து நின்றவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து 1963இல் பம்பாய் வந்த தமிழர். செட்டா நகரின் படியேறும் செம்பூர்த் தமிழர்களில் பலர், சிந்தி கேம்ப்பின் தால் பக்வானை அறிந்த அளவுக்கு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த இன்னொரு கேம்ப்பை அறிந்துகொள்ளவில்லை. அங்கே சந்துகளில் கேட்பதும் தமிழ்தான்.