வீட்டுக் கணினியும் படியெடுக்கும் மரபும்

வெயிலும் ஈரமும் செல்லும் ஒன்றுசேர்ந்து தாக்கும் நம் நாட்டில் பனையோலை ஏடு ஒன்று முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பது அபூர்வம் ஆகையால், கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டவை நீங்கலாக, பழந்தமிழ் நூல்களுள் இன்று நாம் படித்து இன்புறும் ஒவ்வொன்றும், ஏதோ ஓர் ஊரில் ஒருவர் எழுத்தாணியும் புதிய ஓலையுமாக உட்கார்ந்து, சிதையத் தொடங்கிய ஏட்டை வரி பிசகாமல் பெயர்த்தெழுதியதன் பயனாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் காரியத்தைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை. இன்று சென்னை கே.கே. நகரில் ஒரு குடும்பத்தார் தங்கள் கணினியிலிருந்து அடுத்த அறையிலுள்ள ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு நீலநிற லேன் கேபிள் ஒன்றை இழுத்து, இரவுதோறும் தங்கள் கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைப்பது, அந்தப் புராதன கைங்கரியத்தின் தொடர்ச்சியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

படியெடுப்பதை நிறுத்திய தலைமுறைகள் விளைத்த நஷ்டத்தை உ.வே. சாமிநாதையரைப் போல நேரில் கண்டு வருந்தியவர் வேறொருவர் இலர். பழுதான ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய பிறகே பழையதை ஆடிப்பெருக்கன்று மரியாதையோடு ஆற்றில் விடுவது முறையாக இருந்திருக்க, பிற்காலத்தார் எழுதுவதை மறந்து, விடுவதை மட்டும் சிரத்தையாகச் செய்துவந்தார்கள். ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஆதீனங்களிலிருந்தும் கவிராயர் வீடுகளிலிருந்தும் திரட்டிய பல பிரதிகளை ஒருவர் வாசிக்க மற்றொருவர் கவனிக்குமாறு வைத்து ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார். பிரதி ஒன்றே ஒன்றாக இருக்குமாயின் அதில் நேர்ந்த பிழை பிழையென்றே புலப்படாது. பல இருந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். இதைத்தான் இன்றைய கணினி நிபுணர்களும் வேறு பாஷையில் சொல்லுகிறார்கள்.

காகிதம் வந்ததனால் இந்தக் கவலை தீர்ந்துவிடவில்லை. 1821இல் காலமான கர்னல் காலின் மெக்கன்ஸி தம் உதவியாளர்களைக் கொண்டு தென்னாட்டு ஊர்களின் வரலாறுகளைத் திரட்டி எழுதுவித்த காகிதச் சுவடிகள், இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளேயே மை மங்கியும் பூச்சி அரித்தும் போகத் தொடங்கியமையால், 1830களின் பிற்பகுதியில் பாதிரியார் வில்லியம் டெய்லர் அவற்றுள் அழிவுக்கு மிக நெருங்கியவற்றைப் பொறுக்கி மறுபடியும் எழுதுவிக்க வேண்டியதாயிற்று. ஓலையைக் காட்டிலும் புதிய சாதனம் ஓலையைக் காட்டிலும் விரைவாக அழிந்தது என்பதை, பழைய சி.டி.க்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பவர்கள் கவனிப்பது நலம்.

இனி, பிரதி இருந்தால் மட்டும் போதாது, அது வேறோர் இடத்தில் இருக்கவேண்டும் என்பதையும் நம் சரித்திரம் கடுமையாகவே போதித்திருக்கிறது. 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுப் பயத்தால் சென்னை நகரமே காலியானபோது, எண்பத்தேழு வயது முதியவரான சாமிநாதையர் திருவல்லிக்கேணியிலிருந்த தம் இல்லமாகிய தியாகராஜ விலாசத்தை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்து, அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். சென்னைக்கு அன்று வராமற்போன பேரழிவு 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தீக்கிரையான பொதுசன நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சுப் பிரதிகள் பிற ஊர்களில் இருந்த நூல்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளோ போனவை போனவையே.

கணினி நம் ஊருக்கு வந்த கதையில் அடையாற்றுக்கு முக்கிய இடம் உண்டு. 1973இல் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஐ.பி.எம். 370/155 யந்திரம் நிறுவப்பட்டது. காந்த நாடாச் சுருள்களில் தகவலைப் பதிந்து தனியே பத்திரப்படுத்துவது அந்தக் காலத்துக் கணினி நிலையங்களின் நித்திய வேலைகளுள் ஒன்று. அதே 1973ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர், பல கணினிகளை ஒரே கம்பியில் பிணைக்கும் ஈதர்நெட் என்னும் ஏற்பாட்டை விவரித்து ஒரு குறிப்பு எழுதினார். விநாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் தொடங்கிய அவ்வேற்பாடு, 1990இல் டெலிபோன் கம்பியைப் போன்ற முறுக்கிணைக் கம்பிக்கு மாறி, 1999இல் சாதாரணத் தாமிரத்திலேயே விநாடிக்கு ஒரு கிகாபிட்டை எட்டியது.

ஆனால் இந்தச் சௌகரியம் நம் இல்லங்களுக்குள் நுழையத் தாமதமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன்பின் வந்த டயல்-அப் மோடம் தன் உச்ச வேகமாகிய 56 கிலோபிட்டில் இடையறாது ஓடினாலும், ஒரு கிகாபைட்டை அனுப்ப நாற்பது மணிநேரம் பிடிக்கும். ஆகவே வீட்டுக் கணினிக்காரர்கள் 1.44 மெகாபைட் ஃபிளாப்பியையும், பிறகு 700 மெகாபைட் சி.டி.யையும் நம்பினார்கள். அடுத்து வந்தது, கேபிள் டி.வி.க்காரர் மொட்டைமாடி வழியே லேன் கேபிளை வீட்டுக்குள் கொண்டுவந்த காலம். ஐப்பசி கார்த்திகை இடியில் அவ்வாறு வெளியே கிடந்த கம்பிகள் மின்னலை வாங்கி உள்ளே அனுப்ப, கணினியின் நெட்வொர்க் கார்டு கருகிப்போன வீடுகள் சென்னையில் அனேகம்.

கே.கே. நகர் 1970களில் வீட்டுவசதி வாரியம் செக்டார் செக்டாராக வகுத்து அமைத்த நகர். அக்காலத்து வீடுகளின் சுவருக்குள் விளக்குக்கும் விசிறிக்கும் குழாய் பதித்தார்களேயன்றி, கணினிக் கம்பிக்கு இடம் வைக்க அப்பொழுது முகாந்தரம் இல்லை. மின்கம்பி செல்லும் குழாயிலேயே லேன் கேபிளை நுழைப்பது அபாயம் ஆதலின், அது நிலைப்படி ஓரமாகவும் லாஃப்டின் அடியாகவும் ஆணியடித்துக் கொண்டுசெல்லப்படுகிறது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் கேபிளும் ஸ்விட்சும் ஆர்.ஜே.45 முனைகளும் வாங்கிவந்து, எட்டு இழைகளையும் நிற வரிசை தவறாமல் அடுக்கிக் கிரிம்பிங் செய்யும் வேலை, எழுத்தாணி பிடிப்பதற்கு நிகரான பொறுமையைக் கேட்பது. வைஃபை இருக்கக் கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் முதற்பிரதியின் அளவை எண்ணிப்பார்க்க வேண்டும்: ஒரு டெராபைட் தகவல் விநாடிக்கு நூறு மெகாபிட் தரும் வைஃபையில் இருபத்திரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓடும், கிகாபிட் கம்பியிலோ, டிஸ்க் ஈடுகொடுக்குமாயின், இரண்டேகால் மணிநேரத்தில் முடிந்துவிடும். தடித்த சுவர்களைத் தாண்டிவரும் வைஃபை இடையில் தளர்ந்து அறுபடுவதும் உண்டு.

தினந்தோறும் முழுவதையும் அனுப்பவேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெரஸ் என்னும் இருவர். அவர்கள் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க், கோப்பைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு எண் கண்டு, இரு பக்கத்து எண்களையும் ஒத்துப்பார்த்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பிவைக்கும். ஒருவர் வாசிக்க ஒருவர் ஏட்டைச் சரிபார்த்த பழைய முறை இங்கே எண்களின் வடிவில் நடைபெறுகிறது. ஆனால் மூலத்திலேயே கேடு விளைந்துவிட்டால் யந்திரம் அக்கேட்டையும் விசுவாசமாகப் பெயர்த்தெழுதிவிடும். 2017 மே மாதத்தில் வான்னகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டபோது, நேற்றைய பிரதியையும் சென்ற வாரத்துப் பிரதியையும் தனித்தனியே, கணினியால் எட்டமுடியாத இடத்தில் வைத்திருந்தவர்களே கவலையின்றி மீண்டார்கள்.

பிரதி வேறிடத்தில் இருக்கவேண்டும் என்ற பாடத்தைச் சென்னையும் பிறகு கற்றது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய பெருமழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர், அசோக் நகர்ப் பகுதிகளுக்குள் புகுந்தது, கே.கே. நகரின் தாழ்ந்த தெருக்களும் தப்பவில்லை. கணினியும் பிரதியும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால் எத்தகைய கம்பியும் பயன்படாது என்பதை அந்த வாரம் நகருக்கு உணர்த்திற்று. அதன்பின் விவேகிகள் கைக்கொண்ட வழி எளியது: முதற்பிரதி முழுவதையும் கிகாபிட் கம்பியில் ஓரிரவில் எடுத்து, கடவுச்சொல்லால் பூட்டி, அந்த ஹார்ட் டிஸ்கை மதுரையிலோ கோவையிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு ரயிலில் கையோடு கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள், அன்றாட மாறுதல்கள் சில நூறு மெகாபைட்டுகளே ஆதலால் அவை ஃபைபர் இணைப்பில் சில நிமிஷங்களில் போய்ச் சேர்கின்றன, மாதம் ஒருமுறை அங்கிருந்து ஏதேனுமொரு கோப்பை வரவழைத்து, பழுதில்லாமல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுகிறார்கள்.