ஏலமலையின் நிழல்

போடிநாயக்கனூரில் நடந்து செல்வோர்க்கு அவ்வூரின் வாணிபம் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிடங்குகளைக் கடந்து வரும் காற்றே உரைத்துவிடும். நம் இல்லங்களில் நெய்ச்சோற்றில் இடப்படும் அதே ஏலக்காயை அறபு நாட்டார் 'ஹைல்' என அழைத்துத் தம் கஹ்வாவில் இட்டு அருந்துகின்றனர். பழைய அறபு மருத்துவர்கள் அதனைக் 'காகுல்லா' என்ற பெயரால் அறிந்திருந்தனர். இக்காயின் வரலாற்றை விலையையும் வாணிபத்தையும் கொண்டு எழுதியோர் பலர். அதை வெயிலையும் நிழலையும் கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

போடியின் சமவெளி வெயிலுக்குப் பெயர் பெற்றது. இலவமும் மாவும் அவ்வெயிலை விரும்பி ஏற்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறி, அப்பால் கேரள எல்லையிலுள்ள ஏலமலைகளுக்குள் நுழைந்தால் சூரியன் அதே சூரியன்தான். ஆனால் அதன் ஒளி பலா, சந்தனவேம்பு முதலிய பெருமரங்களின் இலைகளில் வடிகட்டப்பட்டே தரைக்கு வருகிறது. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏலச்செடி அந்த வடிகட்டிய ஒளியில் வாழப் பிறந்தது.

இவ்வுண்மையை ஆய்வுக்கூடங்கள் கண்டறியுமுன்னரே மலைவாழ் மக்கள் கண்டிருந்தனர். குடகு மலைகளில் ஏலம் பயிரிட்ட முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் பதிவாகியுள்ளது. அடர்ந்த காட்டில் ஓரிடத்தைத் தேர்ந்து, பெருமரம் ஒன்றை வீழ்த்துவார்கள். விதை ஊன்றுவதில்லை. கூரையில் ஓட்டை விழுந்தாற்போல் ஒளி இறங்கிய அந்த இடத்தில், மண்ணுள் உறங்கிக் கிடந்த ஏல விதைகள் சில திங்களில் தாமே முளைத்தெழும்! மரத்தை வீழ்த்தியவன் ஏடு படித்தவனல்லன்; எவ்வளவு ஒளி வேண்டும் என்பதைக் கோடரியால் அளந்தவன்.

ஏட்டறிவு மெல்லத்தான் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரி 'கிதாபுந் நபாத்' என்னும் பெருநூலில் தாவரங்களை ஆராய்ந்தார். இலை ஒளியைக் கொண்டு என்ன செய்கிறது என்பது அந்நாளில் எவர்க்கும் தெரியாது. 1779-இல்தான் ஹாலந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ், பசிய இலை ஒளியில் மட்டுமே பிராணவாயுவை வெளியிடுகிறது என்றும், இருளில் அது நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்றும் சோதித்துக் காட்டினார்.

இவ்விரு செயல்களின் வரவு செலவே செடியின் வாழ்வு. பகலில் இலையின் பச்சையம் ஒளியைப் பற்றி, நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக்குகிறது. சுவாசமோ இரவு பகல் ஓயாமல் அச்சர்க்கரையைச் செலவிடுகிறது. நிழல் மிகுந்தால் வரவு குன்றும். செடி நெடிதாக வளரும், தூரில் சரம் விடாது. வெயில் மிகுந்தாலோ வேறு கேடு. நிழலில் வளர்ந்த மெல்லிய இலை சிறிதளவு ஒளியிலேயே நிறைவடைந்துவிடுகிறது. மிஞ்சிய ஒளி பச்சையத்தையே சிதைக்கிறது. காற்று உலர்ந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். கரியமில வாயு நுழைய வழியின்றி உணவாக்கமும் நின்றுவிடும். ஆகவேதான் மழைக்கு முன் மரக்கொப்புகளைக் கழித்து ஒளியைத் திறந்துவிடுவதும், கோடைக்கு அவை மீண்டும் தழைக்க விடுவதும் அங்கு வழக்கமாயிற்று. ஒருமுறை மலைக்குச் சென்றிருந்தபோது முதிய கங்காணி ஒருவர், "ஹஜ்ரத், மேலே பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. வெயில் காசு காசா விழுந்திருக்கணும், பாய் விரிச்ச மாதிரி விழுந்தா செடி போச்சு" என்றார். நான் கற்ற பாடம் முழுவதும் அச்சொல்லில் அடங்கிவிட்டது.

பறித்த பின்னும் ஒளியின் கதை முடிவதில்லை. காயை வெயிலில் உலர்த்தினால் பச்சை வெளுத்துவிடும்; எனவே 'ஸ்டோர்' எனப்படும் மூடிய அறையில் 45 முதல் 55 பாகை வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். வெளுத்த ஏலத்தை விரும்பிய சந்தைகளும் ஒரு காலத்தில் உண்டு. அறபு நாடுகள் கேட்பது பச்சை ஏலம்.

இனி அந்த நிழலின் வரலாறு. 1822-ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் அரசு ஏலமலைகளைக் குறித்து அரசாணை பிறப்பித்தது. விளைந்த காய் முழுவதையும் அரசுக்கே அளக்க வேண்டும் என்ற ஏகபோகம் 1896-இல் நீங்கி நிலவரி வந்தது. மறு ஆண்டே மலைகள் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் வனத் துறைக்கு என்ற இரட்டை ஆட்சி அங்கே வேரூன்றியது. பயிரிடுவோன் மரத்தை வீழ்த்தலாகாது. இதனால் விளைந்த வழக்குகள் ஏராளம். ஆயினும் மலைக்கு மேற்கூரை இவ்வளவேனும் எஞ்சியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1980-களின் இறுதியில் கட்டப்பனைப் பகுதியின் விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' இனம் பரவியது. பழைய இனங்களைவிடப் பன்மடங்கு காய்த்த அச்செடிக்கு ஒளி கூடுதலாக வேண்டும் என்று கொப்புகளை மேலும் மேலும் கழித்தனர். விளைச்சல் பெருகியது உண்மை. வெயில் ஏறிய தோட்டத்தில் நீரும் உரமும் பூச்சிமருந்தும் பெருகின என்பதும் உண்மை. 2018-இல் மருந்தின் எச்சம் கண்டு சவூதி அரேபியா இந்திய ஏலத்தைத் திருப்பி அனுப்பியபோது, அந்த அடி போடியின் கிடங்குகளிலும் விழுந்தது.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து, வெப்பம் மிஞ்சி, இடுக்கி மாவட்டத்தில் ஏலத் தோட்டங்கள் பெருமளவில் கருகின. மரநிழல் போதாத இடங்களில், செடிகளுக்கு மேல் பச்சை நிற நிழல்வலையை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள்.