ஆனைமலையில் மரம் இறக்குதல்

ஆனைமலைக் காடுகளில் வெட்டப்பட்ட தேக்குமரங்களை மலையிலிருந்து சமவெளிக்குக் கொண்டுவந்த முறைகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல மாற்றங்களை அடைந்தன. லாரியும் இயந்திரத் தூக்கிகளும் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் யானை, வடம், நெம்புகோல், மாட்டுவண்டி, மலைச்சரிவு ஆகியவையே கருவிகளாக இருந்தன. கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டாப்ஸ்லிப் இந்தத் தொழிலால் பெயர் பெற்ற ஊர். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடம் என்பதே அப்பெயரின் பொருள்.

பின்னணி

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்கான ஓக் மரங்கள் குறைந்தபோது ஆங்கிலேயரின் கவனம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தேக்கின்மேல் திரும்பியது. பம்பாய் கப்பல் தளத்தில் பார்ஸி இனத்தவரான வாடியா குடும்பத்தினர் மலபார் தேக்கில் கப்பல்களைக் கட்டினர். அங்கே 1817-ல் கட்டி முடிக்கப்பட்ட ‘டிரிங்கோமாலி’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கும் நிலையில் பாதுகாக்கப்படுகிறது.

தேக்கு தடையின்றிக் கிடைப்பதற்காக 1806-ல் கேப்டன் வாட்சன் மலபார், திருவிதாங்கூர் பகுதிகளுக்கு வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அரசின் மர ஏகபோகத்தை மரவணிகர்களும் நிலவுடைமையாளர்களும் எதிர்த்தனர். 1823-ல் அப்பதவி நீக்கப்பட்டது. அதன்பின் எளிதில் சென்றடையக்கூடிய இடங்களில் இருந்த பெரிய மரங்கள் விரைவில் தீர்ந்தன. எஞ்சியவை மலைமேல் இருந்தன. 1848-ல் லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். 1856-ல் ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளரானார். 1861-ல் வெளிவந்த அவருடைய ‘தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும்’ என்னும் நூலில் ஆனைமலை பற்றிய விரிவான குறிப்புகள் உள்ளன.

ஆனைமலையில் மரத்தை வெட்டுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கோடரியுடன் சிலர் இருந்தால் எவ்வளவு பெரிய தேக்கையும் சாய்த்துவிடலாம். சாய்ந்த மரத்தை உடையாமல், எவரையும் கொல்லாமல் கீழே கொண்டுசேர்ப்பதே சிக்கல். ஒரு காட்டில் எவ்வளவு மரம் வெட்டலாம் என்பதை எவ்வளவு மரம் இறக்கமுடியும் என்பதே முடிவுசெய்தது.

எடை

மரத்தைக் கையாள்பவர் முதலில் அறியவேண்டியது அதன் எடை. மரக்கிடங்குகளில் மரத்தின் சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பின்னர் நீளத்தால் பெருக்கிக் கன அடியைக் கணக்கிட்டனர். 20 அடி நீளமும் 6 அடி சுற்றளவும் கொண்ட தேக்கு இக்கணக்கில் 45 கன அடி. இது செதுக்கும்போது வீணாகும் பகுதியைக் கழித்துச் சொல்லும் வணிகக் கணக்கு. உருளையாகக் கணக்கிட்டால் அதே மரம் சுமார் 57 கன அடி. பச்சை மரமாக இருந்தால் அதன் எடை ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். உலர்ந்தபின் அது ஏறத்தாழ ஒரு டன்னாகக் குறையும். விலைக்கான கணக்கை நம்பி வடத்தையும் வண்டியையும் தேர்வுசெய்தால் அவை தாங்காது.

எடையைக் குறைக்கும் வழி காத்திருப்பதுதான். பர்மாவில் தேக்கின் அடிப்பகுதியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, மரத்தை நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டனர். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும். மலபார் ஆறுகளில் மிதக்காத கனமான மரங்களுடன் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி ஓட்டினர்.

காட்டுக்குள் இழுத்தல்

வெட்டிய இடத்திலிருந்து பாதைவரை மரத்தை இழுத்துவருவது யானையின் வேலை. மரத்தின் முனையில் துளையிட்டு அதில் சங்கிலியை அல்லது வடத்தைக் கோத்தனர். கிளைகளின் அடிமுண்டுகளை முழுமையாகச் செதுக்கி நீக்கினர். ஒரு முண்டு எஞ்சியிருந்தாலும் அது வேரிலோ பாறையிலோ தட்டி மரத்தைப் புரட்டிவிடும்.

யானை மரத்தை இழுத்த முறைகள் இரண்டு. மலபாரிலும் கொச்சியிலும் மரத்தில் கட்டிய நார்வடத்தின் முனையை யானை பற்களால் கடித்துப் பிடித்து இழுத்தது. மலையாளத்தில் அந்த வடம் ‘வக்க’ எனப்படும். வனத்துறை முகாம்களில் யானையின் மார்பையும் முதுகையும் சுற்றிப் பட்டைகள் பூட்டி அவற்றில் சங்கிலியை இணைத்தனர்.

இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு. கடித்து இழுக்கும் யானையின் பல் தேயும். அதன் முழு உடல்வலுவும் இழுப்பில் சேராது. ஆனால் மரம் பள்ளத்தை நோக்கி உருளத் தொடங்கினால் யானை வாயைத் திறந்து வடத்தை விட்டுவிட முடியும். பட்டை பூட்டிய யானை கூடுதல் எடையை இழுக்கும். மரம் உருண்டால் யானையும் அதனுடன் இழுபடும். ஆகவே பட்டைமுறையில் பாதையைத் தேர்வதும், சங்கிலியை உடனே கழற்றும் வகையில் கொக்கியை அமைப்பதும் முக்கியமாயின. சரிவான இடத்தில் மரத்தை இழுப்பதைவிட, யானை பக்கவாட்டில் நின்று நெற்றியாலும் துதிக்கையாலும் தள்ளி நகர்த்துவதே பாதுகாப்பானது.

ஒவ்வொரு யானைக்கும் பாகனும், காவடி எனப்படும் உதவியாளரும் இருந்தனர். யானை தயங்கினால் அதை வற்புறுத்தாமல் காரணத்தைத் தேடுவது அனுபவம் மிக்க பாகனின் இயல்பு. மண் இளகியிருப்பதையும் மரம் நிலையற்றுக் கிடப்பதையும் மனிதனுக்கு முன்பே யானை உணர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிக்கப்பட்டது. பின்னர் குளிப்பாட்டி உணவளித்தபின் யானைகள் நீண்ட சங்கிலியுடன் காட்டுக்குள் மேய விடப்பட்டன. மறுநாள் விடியலில் காவடி சங்கிலித்தடத்தைப் பின்தொடர்ந்து சென்று யானையை அழைத்துவருவார்.

சரிவு

இழுத்துவந்த மரங்கள் மலைவிளிம்பில் சேர்க்கப்பட்டு அங்கிருந்து அடிவாரத்தை நோக்கிச் சரித்துவிடப்பட்டன. அடிவாரத்தில் உள்ள சேத்துமடையிலிருந்து அவை வண்டிகளில் சென்றன. சமவெளியில் ஒரு மரத்தை நகர்த்தப் பெருமுயற்சி வேண்டும். சரிவில் ஒரு கடப்பாரையின் நெம்பு போதும். ஆனால் நகரத் தொடங்கிய மரத்தை நிறுத்த எவராலும் முடியாது. கோயில் தேரை இழுக்க நூறுபேர் இருந்தாலும் அதை நிறுத்துவது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்தான். மரம் இறக்கும் தொழிலிலும் முதன்மையான திறன் நிறுத்துவதே.

அதற்கென விதிகள் உருவாயின. அவை உலகின் எல்லா மலைக்காடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே.

மரத்துக்குக் கீழ்ப்பக்கம் எவரும் நிற்கக்கூடாது. நெம்புபவர் மேல்பக்கமோ முனைகளின் அருகிலோ நிற்கவேண்டும்.

நெம்புகோலைப் போடுவதற்கு முன்பே இருபுறமும் முட்டுக்கட்டை வைக்கவேண்டும். ஒவ்வொரு நெம்பலுக்குப் பின்னும் அது முன்னகர்த்தி வைக்கப்படவேண்டும்.

குவிந்துகிடக்கும் மரங்களில் மேலே உள்ளதையே முதலில் எடுக்கவேண்டும். அடிமரத்தை உருவினால் குவியலே சரியும்.

இறுகிய வடத்தின் நேர்கோட்டில் நிற்கக்கூடாது. அறுந்த வடம் சாட்டைபோலத் திரும்பிவரும்.

ஒருவர் மட்டுமே குரல் கொடுக்கவேண்டும். இரண்டு குரல்கள் எழுந்தால் ஒரு பக்கத்தார் தள்ளும்போது மறுபக்கத்தார் விட்டுவிடுவர்.

மெதுவாக இறக்கவேண்டிய மரத்தை வடத்தால் கட்டி, வடத்தை மேலே வேரூன்றி நிற்கும் மரமொன்றில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, சிறிது சிறிதாகத் தளர்த்துவது வழக்கம். அடிமரத்துடன் வடம் உரசுவதால் எடையின் பெரும்பகுதியை நிற்கும் மரமே தாங்கிக்கொள்ளும். பலர் சேர்ந்து பிடிக்கவேண்டிய சுமையை ஒருவர் கட்டுப்படுத்த முடிவது இதனால்தான்.

வண்டியில் ஏற்றுதல்

தூக்கிகள் இல்லாதபோது மரத்தைத் தூக்குவதைத் தவிர்ப்பதே வழி. மேட்டின் ஓரத்தில், தாழ்வான பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் மரத்தை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் உருட்டி ஏற்றலாம். மேடு இல்லாத இடத்தில் இரண்டு உறுதியான கழிகளை வண்டிக்குச் சாய்த்துவைத்தனர். இரண்டு வடங்களின் ஒருமுனையை வண்டியில் கட்டி, மரத்துக்கு அடியில் கொண்டுசென்று மேலாகத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து இழுத்தனர். இழுக்கப்படும் வடத்தின் நீளத்தில் பாதியளவே மரம் நகரும். ஆகவே இழுப்பவர்களுக்குப் பாதி விசை போதும். இரண்டு வடங்களும் ஒரே வேகத்தில் வரவேண்டும். ஒன்று முந்தினால் மரம் கோணலாகிக் கழியிலிருந்து நழுவும்.

வண்டிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்றன. அங்கிருந்து பொன்னானி ஆற்றின் வழியாக மரம் கடற்கரையை அடைந்து பம்பாய்க்குக் கப்பலேறியது. 1862-ல் சென்னையிலிருந்து பேப்பூர் வரையிலான ரயில்பாதை நிறைவடைந்தது. அதன்பின் மரம் ரயிலில் செல்லத் தொடங்கியது, ரயில்பாதைக்கான குறுக்குக்கட்டைகளும் காட்டிலிருந்தே வந்தன. 1915-ல் போத்தனூர்–பொள்ளாச்சி ரயில்பாதை திறக்கப்பட்டபோது வண்டிப்பயணத்தின் தூரம் பெரிதும் குறைந்தது.

டிராம் பாதை

மலையின் மறுபக்கத்தில் பரம்பிக்குளம் காடுகள் கொச்சி அரசுக்கு உரியவை. அங்கிருந்து மரம் கொண்டுவரக் கொச்சி அரசு சாலக்குடிவரை சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள டிராம் பாதையை அமைத்தது. 1907-ல் அது செயல்படத் தொடங்கியது. சமதளப் பகுதிகளில் நீராவி இயந்திரங்கள் பெட்டிகளை இழுத்தன. செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் இல்லை. சரிவின் தலைப்பில் உருளை ஒன்று நிறுவப்பட்டு, அதன்வழியாகச் செல்லும் கம்பிவடத்தின் ஒருமுனையில் மரம் ஏற்றிய பெட்டியும் மறுமுனையில் வெற்றுப்பெட்டியும் பிணைக்கப்பட்டன. எடைமிக்க பெட்டி கீழிறங்கும்போது வெற்றுப்பெட்டி மேலேறியது. உருளையின் தடையைப் பிடித்திருப்பவரே வேகத்தைக் கட்டுப்படுத்தினார்.

நிற்கும் மரத்தில் வடம் சுற்றிய பழைய முறையின் பெரிய வடிவம் இது. மரத்தின் எடையே வேலையைச் செய்தது, மனிதர் நிறுத்துவதை மட்டும் செய்தனர். இப்பாதை 1963-ல் கைவிடப்பட்டது.

உழைத்தவர்கள்

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகியோர் ஆனைமலையின் பழங்குடிகள். காட்டுப்பாதைகளை அறிந்தவர்கள் அவர்களே. மலசர்கள் யானைப்பாகர்களாகப் புகழ்பெற்றவர்கள். கோழிகமுத்தி முகாமில் இன்றும் அவர்கள் பாகர்களாகப் பணியாற்றுகின்றனர். காலனிய வனத்துறையின் நிர்வாக அறிக்கைகள் கன அடிகளையும் வருவாயையும் ஆண்டுதோறும் பதிவுசெய்தன. மரத்தை இறக்கியவர்களின் பெயர்கள் அவற்றில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

யானைகளும் விலைகொடுத்தன. அவை குழிகளில் வீழ்த்திப் பிடிக்கப்பட்டுப் பழக்கப்பட்டவை. சங்கிலியும் பட்டையும் உரசிய புண்கள், கால்காயங்கள் ஆகியவை வேலையின் பகுதியாக இருந்தன. டாப்ஸ்லிப், முதுமலை முகாம்களில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி (1929–2002) முகாம் யானைகளின் உடல்நலத்துக்காகத் தொடர்ந்து செயல்பட்டவர். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை அவரைப் பற்றியது.

விளைவு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிதில் இறக்கக்கூடிய சரிவுகளில் தேக்கு பெருமளவு அழிந்திருந்தது. வன அதிகாரி ஹியூகோ வுட் (1870–1933) அவ்விடங்களில் மீண்டும் தேக்கை வளர்த்தார். நடந்துசெல்லும்போது கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை இட்டபடி சென்றார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவருடைய கல்லறை டாப்ஸ்லிப் அருகே, தேக்குகளின் நடுவே உள்ளது.

யானையும் வடமும் செல்லமுடியாத செங்குத்துச் சரிவுகளிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் இருந்த காடுகள் அக்காலத்தில் தப்பின. அவற்றைக் காத்தது சட்டம் அல்ல, மரத்தைக் கீழே கொண்டுவர முடியாமையே. லாரிச்சாலைகள் வந்தபோது அந்தக் காப்பு இல்லாமலாகியது. அதன் இடத்தில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டமும் அமைந்தன. 1976-ல் ஆனைமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பின்னர் புலிகள் காப்பகமாகியது. கோழிகமுத்தி முகாம் யானைகள் இன்று ரோந்துக்கும், ஊருக்குள் புகும் காட்டுயானைகளை விரட்டும் கும்கிப் பணிக்கும் பயன்படுகின்றன.